தண்ணீர், மின்சாரம், கொஞ்சம் வெப்பம்: ஹைட்ரஜன் தயாரிப்பின் செயல்திறன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரியும் என்பது எல்லோரும் படித்த பள்ளிப் பாடம். அதற்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும், கூடவே வெப்பத்தையும் கொடுத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. ஒருவர் 70 சதவீதம் என்பார், இன்னொருவர் 88 என்பார், 100 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள் என்று ஒரு காணொளி சொல்லும். மாணவர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்கு கொஞ்சம் வரும். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஆற்றலை வீட்டு மின் கட்டணத்தில் வரும் அதே யூனிட்டில்தான் சொல்கிறேன். 1 யூனிட் என்றால் 1 கிலோவாட் மணி. வெப்பத்துக்கும் அதே அளவுதான்.

1 கிலோ ஹைட்ரஜன் எடுக்கக் குறைந்தது எவ்வளவு ஆற்றல் வேண்டும்?

39.4 யூனிட். எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் இது மாறாது. 9 கிலோ தண்ணீரைப் பிரித்தால் 1 கிலோ ஹைட்ரஜனும் 8 கிலோ ஆக்சிஜனும் கிடைக்கும். அந்த 1 கிலோவைத் திரும்ப எரித்து, உண்டாகும் நீராவியையும் குளிரவைத்துத் தண்ணீராக்கினால் அதே 39.4 யூனிட் வெப்பமாக வெளியே வரும். போட்டதுதான் திரும்ப வரும்.

இன்று ஆலைகளில் ஓடும் சாதாரண எலக்ட்ரோலைசர்கள் (மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் கருவிகள்), துணைக் கருவிகளையும் சேர்த்து, கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் எடுக்கின்றன. 39.4-ஐ 50-ஆல் வகுத்தால் 79 சதவீதம். 55-ஆல் வகுத்தால் 72. "எழுபது சொச்சம்" என்று அடிக்கடி கேள்விப்படுகிறோமே, அது இங்கிருந்து வருகிறது.

இது புதுத் தொழில்நுட்பமா?

இல்லை. வோல்ட்டா தன் மின்கல அடுக்கை அறிவித்த அதே 1800-ல் லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் தண்ணீரைப் பிரித்துவிட்டார்கள். இந்தியாவில் பஞ்சாபின் நங்கல் உர ஆலை, பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு 1960-களிலேயே தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து அம்மோனியா தயாரித்தது. நாட்டின் முதல் கனநீர் (கனமான ஹைட்ரஜன் அணுக்கள் கொண்ட நீர்) ஆலை 1962-ல் அங்கே வந்ததற்கும் அந்த மின்னாற்பகுப்புதான், அதாவது மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் முறைதான், காரணம். வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளும் முறை மட்டுமே பிற்பாடு வந்தது. 1980-களில் ஜெர்மனியின் டோர்னியர் நிறுவனம் பீங்கான் குழாய்களை வைத்து அதைச் செய்துகாட்டியது.

39.4 யூனிட்டையும் மின்சாரமாகத்தான் கொடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எல்லாப் பதில்களும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

18 கிராம் தண்ணீரை, அதாவது ஒரு மோலை, 25 டிகிரி செல்சியஸில் பிரிக்க 286 கிலோஜூல் வேண்டும் (3,600 கிலோஜூல் சேர்ந்தது 1 யூனிட்). இதில் 237 கிலோஜூல் கட்டாயம் மின்சாரமாக வேண்டும். மீதி 49 கிலோஜூலை வெப்பமாகக் கொடுத்தால் போதும். திரவமாக அடங்கிக் கிடந்த தண்ணீர் இரண்டு வாயுக்களாகக் கலைந்து பரவுகிறது அல்லவா, அந்தப் பரவலுக்கான ஆற்றலை இயற்கை வெப்பமாகவே வாங்கிக்கொள்கிறது.

இதையே வோல்ட்டில் சொன்னால் 1.23, 1.48 என்று இரண்டு எண்கள். 1.23 வோல்ட்டில் கலத்தை, அதாவது எலக்ட்ரோலைசருக்குள் தண்ணீர் பிரியும் அலகை, ஓட்ட முடிந்தால் அது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக் குளிர்ந்துகொண்டே போகும். 1.48-ல் வெளியிலிருந்து வெப்பமும் வேண்டாம், கலமும் சூடாகாது. அதற்கு மேலே கொடுப்பதெல்லாம் கலத்தைச் சூடாக்கும். நடைமுறையில் சாதாரண எலக்ட்ரோலைசர் 1.8 முதல் 2 வோல்ட் வரை எடுக்கிறது. வினை வேகமாக நடக்க அந்தக் கூடுதல் உந்துதல் தேவைப்படுகிறது. குறைந்த வோல்ட்டில் ஓட்டலாம், ஆனால் அதே அளவு ஹைட்ரஜனுக்குப் பல மடங்கு பெரிய ஆலை கட்ட வேண்டியிருக்கும்.

ஒரு எளிய வாய்பாடு: வோல்ட்டை 26.6-ஆல் பெருக்கினால் கிலோவுக்கு எத்தனை யூனிட் என்று வந்துவிடும். 1.48 வோல்ட்டுக்கு 39.4 யூனிட், 1.9 வோல்ட்டுக்கு 50.5. இடையில் உள்ள 11 யூனிட் முழுதும் சூடாகி, குளிர்விக்கும் தண்ணீரோடு போய்விடுகிறது.

சூடாக்கினால் என்ன மாறுகிறது?

மூன்று விஷயங்கள் மாறுகின்றன, மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் இவ்வளவு சர்ச்சை.

முதலாவது, தண்ணீருக்குப் பதில் நீராவியைப் பிரிக்கிறோம். இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் பட்ட ஆவி, கொதிக்கும் தண்ணீரைவிட மோசமாகச் சுடுகிறது அல்லவா? ஆவியாவதற்குத் தண்ணீர் வாங்கி வைத்திருக்கும் உள்ளுறை வெப்பம் அது. 9 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுவர முக்கால் யூனிட் போதும். ஆனால் அதை முழுதாக ஆவியாக்க இன்னும் 5.6 யூனிட் வேண்டும். மொத்தம் 6.4. சாதாரண எலக்ட்ரோலைசரில் திரவத்திலிருந்து வாயுவாக மாறும் இந்த வேலையையும் மின்சாரமே செய்கிறது. நீராவியாகவே உள்ளே விட்டால் மின்சாரத்துக்கு அந்தச் சுமை இல்லை. 800 டிகிரியில் வெப்பம் ஏறாமல் இறங்காமல் ஓடும் வோல்ட் 1.29-தான். கிலோவுக்கு 34.3 யூனிட். 39.4-லிருந்து 34.3-க்கு, 5 யூனிட் இறங்கிவிட்டது. இறங்கியது மின்சாரக் கணக்கில் மட்டும்தான். 34.3-ஐயும் 6.4-ஐயும் கூட்டினால் 40.7 வருகிறதே என்று நீங்கள் கேட்கலாம். அந்த மிகுதி, சூடாக வெளியேறும் வாயுக்கள் கொண்டுபோகும் பங்கு. நல்ல வெப்பப் பரிமாற்றி இருந்தால் பெரும்பகுதியைத் திரும்பப் பிடிக்கலாம்.

இரண்டாவது, வெப்பத்தின் பங்கு கூடுகிறது. 800 டிகிரியில் தேவைப்படும் 248 கிலோஜூலில் ஏறக்குறைய 189 மட்டுமே கட்டாய மின்சாரம். வோல்ட்டில் சொன்னால் 0.98. மிச்சத்தை வெப்பமாகக் கொடுக்கலாம்.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. அந்தச் சூட்டில் வினைக்கு உந்துதலே அதிகம் தேவைப்படாது. குளிர்ந்த கலம் 1.9 வோல்ட் கேட்ட இடத்தில் சூடான கலம் 1.29 வோல்ட்டிலேயே நல்ல வேகத்தில் ஓடும். உள்ளே இழப்பாகும் ஆற்றலும் வீண்போவதில்லை. இழப்பு வெப்பமாகிறது, 800 டிகிரியில் வினைக்கு வெப்பம் தேவைப்படுகிறது, அங்கேயே அது செலவாகிவிடுகிறது. குளிர்ந்த கலத்தில் குளிர்விக்கும் தண்ணீரோடு போன ஆற்றல் இங்கே வேலை செய்கிறது.

அப்படியென்றால் 800 டிகிரி வெப்பம் தர ஓர் அணு உலையோ பெரிய சூரியக் கண்ணாடி வயலோ வேண்டாமா?

வேண்டாம். இந்தத் தவறான எண்ணத்தைத்தான் நான் அதிகம் சந்திக்கிறேன். கலம் 1.29 வோல்ட்டில் ஓடினால் தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். உள்ளே வரும் நீராவியை, வெளியே போகும் சூடான ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் வைத்தே பெருமளவு சூடேற்றிவிடலாம். கடைசி ஐம்பது, நூறு டிகிரிக்கு ஒரு சின்ன மின்சூடேற்றி போதும். வெளியிலிருந்து நிஜமாக வேண்டியது நீராவி. 150 டிகிரி நீராவி தாராளமாகப் போதும். எஃகு ஆலை, சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, சர்க்கரை ஆலை எதிலும் அது கிடைக்கும்.

ஜெர்மனியின் சால்ஸ்கிட்டர் எஃகு ஆலையில் சன்ஃபயர் நிறுவனத்தின் 720 கிலோவாட் கருவி ஆலையின் கழிவு வெப்பத்தில் உருவான நீராவியில்தான் ஓடியது. அதே நிறுவனம் ராட்டர்டாமில் உள்ள நெஸ்ட்டே சுத்திகரிப்பு ஆலையில் 2.6 மெகாவாட் கருவியை 2023-ல் நிறுவியது. இரண்டுமே 800 டிகிரி வெப்பத்தைத் தேடிப்போகவில்லை, பக்கத்தில் கிடந்த நீராவியைத் தேடிப்போயின.

அந்தக் கலத்துக்குள் என்னதான் இருக்கிறது?

கையில் எடுத்துப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், ஒரு மெல்லிய பீங்கான் வில்லைதான். ஒரு பக்கம் பச்சை கலந்த சாம்பல், மறுபக்கம் கறுப்பு. விரலால் லேசாக வளைத்தால் மளுக்கென்று உடைந்துவிடும். நடுவில் இருப்பது சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு), அதில் கொஞ்சம் இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்திருக்கும். அறை வெப்பத்தில் இது மின்சாரத்தைக் கடத்தாது. 700, 800 டிகிரிக்குப் போனதும் ஆக்சிஜன் அயனிகள் அதன் திடப்படிகத்துக்குள்ளேயே இடம்விட்டு இடம் தாவ ஆரம்பிக்கும். நிக்கல் பூசிய பக்கத்தில் நீராவி வருகிறது. அதிலிருந்து ஆக்சிஜன் மட்டும் அயனியாகிப் பீங்கானைக் கடந்து மறுபக்கம் போய்விடுகிறது. இந்தப் பக்கம் ஹைட்ரஜனும் பிரியாத நீராவியும் மிஞ்சும். குளிரவைத்தால் நீராவி தண்ணீராகி வடிந்துவிடும், ஹைட்ரஜன் தங்கும். பெரிய ஆலையில் இப்படிப்பட்ட வில்லைகள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும்.

இந்தப் பொருளுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1890-களின் இறுதியில் ஜெர்மன் வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட் இதே சிர்கோனியா கலவையில் ஒரு விளக்கு செய்தார். குச்சியை முதலில் தீயால் சூடேற்ற வேண்டும், சூடானதும் மின்சாரம் பாய்ந்து ஒளிரும். நூற்றாண்டுக்குப் பிறகு அதே வகைக் கலம் செவ்வாய்க் கிரகத்துக்கும் போனது. நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி கருவி 2021-லிருந்து 2023 வரை 16 முறை ஓடி, அங்குள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து 122 கிராம் ஆக்சிஜன் எடுத்தது. பிரித்தது தண்ணீரை அல்ல, ஆனால் வேலை செய்யும் விதம் இதேதான்.

ஒரே கருவிக்கு ஏன் வெவ்வேறு சதவீதம் சொல்கிறார்கள்?

ஓர் உண்மையான எண்ணை எடுத்துப் பார்ப்போம். அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகத்தில் ப்ளூம் எனர்ஜி நிறுவனத்தின் சூடான எலக்ட்ரோலைசர் கிலோவுக்கு 37.7 யூனிட் மின்சாரம் எடுத்ததாக 2022-ல் அறிவித்தார்கள். நீராவி வெளியிலிருந்து வந்தது.

இப்போது மூன்று பேர் கணக்குப் போடுகிறார்கள். முதல் ஆள் 39.4-ஐ 37.7-ஆல் வகுக்கிறார்: 104.5 சதவீதம். இரண்டாவது ஆள் ஹைட்ரஜனை எரிக்கும்போது நீராவி அப்படியே புகைபோக்கியில் போய்விடும் என்று வைத்துக்கொள்கிறார். அப்போது 1 கிலோவின் மதிப்பு 33.3 யூனிட்தான், இதைக் கீழ் கலோரி மதிப்பு என்பார்கள் (39.4 என்பது மேல் கலோரி மதிப்பு). 33.3-ஐ 37.7-ஆல் வகுத்தால் 88 சதவீதம். மூன்றாவது ஆள் நீராவிக்கான 6.4 யூனிட்டையும் செலவில் சேர்த்து 39.4-ஐ 44.1-ஆல் வகுக்கிறார்: 89 சதவீதம்.

மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் முதல் ஆளின் எண்ணையும் சாதாரண எலக்ட்ரோலைசரின் 75 சதவீதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வெப்பத்தைச் செலவில் சேர்க்காமல் வெளியிடும் எண்ணைச் செயல்திறன் என்று அழைக்கக்கூடாது. "கிலோவுக்கு இத்தனை யூனிட் மின்சாரம், இத்தனை யூனிட் வெப்பம்" என்று இரண்டு எண்களாகச் சொல்வதுதான் நேர்மை. சதவீதத்தைத் தூக்கி வைத்துவிட்டு இந்த இரண்டு எண்களைக் கேளுங்கள். அப்புறம் இன்னொன்றும் கேளுங்கள்: இது கலத்தின் எண்ணா, ஆலை முழுவதன் எண்ணா? மின்மாற்றி, நேர்மின்னாக மாற்றும் கருவி, பம்பு, உலர்த்தி, அழுத்தி எல்லாம் சேர்ந்தால் எண் கணிசமாக ஏறும்.

அப்படியானால் 100 சதவீதத்தைத் தாண்டியது என்பது மோசடியா?

மேலே பார்த்த 104.5 மோசடி அல்ல, வெப்பத்தை எண்ணாமல் விட்டதால் வந்தது. ஆனால் "தண்ணீரைப் பிரித்து, அந்த வாயுவிலேயே வண்டியை ஓட்டி, அந்த வண்டியின் மின்சாரத்திலேயே மறுபடி தண்ணீரைப் பிரிக்கிறேன்" என்று யாராவது சொன்னால் அது நடக்காது. அமெரிக்காவில் ஸ்டான்லி மேயர் என்பவர் தண்ணீரில் ஓடும் வண்டி என்று சொல்லி முதலீடு வாங்கினார். 1996-ல் ஒஹாயோ நீதிமன்றம் அதை மோசடி என்று தீர்ப்பளித்துப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. நம் ஊரிலும் பைக்கில் ஒரு பாட்டிலை மாட்டி மைலேஜ் கூடும் என்று விற்கிறார்கள். அந்தப் பாட்டிலுக்கு மின்சாரம் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது, ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது பெட்ரோல். தயவுசெய்து வாங்காதீர்கள்.

கழிவு வெப்பம் இலவசம்தானே, அதை ஏன் கணக்கில் சேர்க்க வேண்டும்?

உண்மையிலேயே வீணாகிக்கொண்டிருந்தால் இலவசம்தான். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் இதைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

1 யூனிட் மின்சாரமும் 1 யூனிட் வெப்பமும் சமம் அல்ல. 150 டிகிரி வெப்பத்திலிருந்து, சுற்றுப்புறம் 30 டிகிரி என்றால், எவ்வளவு நல்ல இயந்திரத்தாலும் 28 சதவீதத்துக்கு மேல் மின்சாரம் எடுக்க முடியாது. அதாவது 6.4 யூனிட் நீராவியின் மதிப்பு மின்சாரத்தில் 1.8 யூனிட்டுக்கும் குறைவு. அதைக் கொடுத்து 5 யூனிட் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறோம். வெப்பத்தைக் கணக்கில் சேர்த்தாலும் இது நல்ல வியாபாரம். 800 டிகிரி வெப்பத்தின் கதை வேறு. அதில் கோட்பாட்டளவில் 72 சதவீதம் வரை மின்சாரமாக்கலாம். ஏறக்குறைய மின்சாரம் போலவே விலையுள்ள பொருள் அது. "கொஞ்சம் வெப்பம்தானே" என்று அள்ளிக் கொடுக்க முடியாது.

நீராவி இல்லாத இடத்தில், அதையும் மின்சாரத்திலேயே காய்ச்சினால்? 37.7-உடன் 6.4 சேர்ந்து 44 யூனிட் ஆகும். வழக்கமான 50-ஐவிட அப்போதும் குறைவுதான்.

அணு உலையோடு சேர்த்தால் எவ்வளவு கிடைக்கும்?

இன்றைய நீர் உலைகள் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகின்றன. 100 யூனிட் வெப்பத்துக்கு 33 யூனிட் மின்சாரம். அதைச் சாதாரண எலக்ட்ரோலைசருக்கு, கிலோவுக்கு 50 யூனிட் என்ற கணக்கில் கொடுத்தால் ஹைட்ரஜனாகக் கிடைப்பது 26 யூனிட் மதிப்பு.

அதே உலை, ஆனால் சூடான கலம். மின்சாரம் கிலோவுக்கு 40 யூனிட் என்று கொஞ்சம் தாராளமாகவே வைப்போம், 6.4 யூனிட் நீராவியை உலையிலிருந்தே எடுப்போம். 40 யூனிட் மின்சாரத்துக்கு 121 யூனிட் வெப்பம், அதோடு 6.4, மொத்தம் 127-க்குச் சற்று மேல். 39.4-ஐ அதால் வகுத்தால் 31 சதவீதம். 26-லிருந்து 31. கூடங்குளம் போன்ற உலையில் தண்ணீர் 320 டிகிரி அளவில் வெளியே வருகிறது. நீராவி தர இது ஏராளம்.

இதைவிட மேலே போக வேண்டுமென்றால் உலையே சூடாக இருக்க வேண்டும். ஜப்பானின் ஓஆராயில் உள்ள ஹீலியம் வாயு உலை 2004-ல் 950 டிகிரியைத் தொட்டது. 850 டிகிரி வாயு உலையோடு சூடான மின்னாற்பகுப்பைச் சேர்த்தால் 45 முதல் 50 சதவீதம் வரை போகலாம் என்று ஐடஹோ ஆய்வகத்தின் கணக்குகள் காட்டின. இதில் பெரும்பங்கு உலையின் மின்னாக்கத் திறன் உயர்வதால் வருவது, கலத்தால் அல்ல. விளம்பரங்களில் இந்தப் பிரிவினையைப் பார்க்க முடியாது.

மின்சாரமே இல்லாமல், வெறும் வெப்பத்தால் தண்ணீரைப் பிரிக்க முடியாதா?

முடியும், ஆனால் நேரடியாகச் செய்ய 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். 2,200 டிகிரியிலும் நூற்றில் மூன்று மூலக்கூறு அளவுக்குத்தான் பிரியும். அதையும் உடனே தனித்தனியாகப் பிடிக்காவிட்டால் குளிரும்போது திரும்பச் சேர்ந்துவிடும்.

அதனால் சுற்றுவழி. கந்தகம்-அயோடின் சுழற்சியை அமெரிக்காவின் ஜெனரல் அட்டாமிக்ஸ் 1970-களில் வகுத்தது. கந்தக டை ஆக்சைடு, அயோடின், தண்ணீர் மூன்றும் சேர்ந்து இரண்டு அமிலங்கள் உண்டாகும். ஒன்றை 850 டிகிரி அளவில் உடைத்தால் ஆக்சிஜன், இன்னொன்றை 450 அளவில் உடைத்தால் ஹைட்ரஜன். கந்தகமும் அயோடினும் திரும்ப முதல் படிக்கு வந்துவிடும். காகிதத்தில் இது மிக அழகு. ஆலையில் கொதிக்கும் கந்தக அமிலத்தையும் ஹைட்ரஜன் அயோடைடையும் தாங்கும் குழாய் வேண்டும், அங்கேதான் சிக்கல். ஜப்பான் அணுசக்தி முகமை 2019-ல் மணிக்கு 30 லிட்டர் அளவில் 150 மணி நேரம் தொடர்ந்து ஓட்டிக் காட்டியதே பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. 30 லிட்டர் ஹைட்ரஜன் 3 கிராம்கூட இல்லை.

மின்சாரத்தையும் வெப்பத்தையும் கலக்கும் சுழற்சிகளும் உண்டு. தாமிரம்-குளோரின் சுழற்சிக்கு 530 டிகிரி போதும், ஒரு படி மட்டும் மின்சாரத்தில் நடக்கும். இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் மும்பை வேதித் தொழில்நுட்ப நிறுவனமும் இதில் வேலை செய்திருக்கின்றன. எனக்கு இந்தச் சுழற்சிகள் மேல் மதிப்பு உண்டு. ஆனால் அடுத்த பத்து வருடத்துக்கு ஆலை கட்டுவதென்றால் பீங்கான் கலத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

வீட்டில் செய்து பார்க்க முடியுமா? சுடுதண்ணீரில் அதிகக் குமிழி வந்தால் செயல்திறன் கூடிவிட்டது என்று அர்த்தமா?

செய்து பாருங்கள், இந்தக் கேள்விக்கு விடை அந்த டம்ளரிலேயே இருக்கிறது. இரு முனையும் சீவிய இரண்டு பென்சில், ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு ஸ்பூன் சமையல் சோடா, வரிசையாக மாட்டிய மூன்று பென்டார்ச் செல். மொத்தம் 4.5 வோல்ட். எதிர்முனையோடு இணைத்த பென்சிலில் குமிழிகள் பொடிப்பொடியாக, சரம் சரமாக ஏறும். நேர்முனையில் குறைவாக, கொஞ்சம் பெரிதாக ஒட்டிக்கொண்டிருக்கும். உப்புப் போடாதீர்கள், குளோரின் வரும். எவர்சில்வர் ஸ்பூனை மின்முனையாக வைக்காதீர்கள், தண்ணீரில் நச்சான குரோமியம் சேரும். வாயுவை மூடிய பாட்டிலில் பிடிக்க வேண்டாம்.

ஒரு பள்ளிக் கண்காட்சியில் இதைக் காட்டியபோது, ஒரு மாணவி தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிளாஸ்கிலிருந்த வெந்நீரில் அதே அளவு சோடாவைக் கலந்து ஊற்றினாள். குமிழி பொங்கியது. மல்டிமீட்டரில் மின்னோட்டம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியது. "சார், திறன் கூடிருச்சு!" என்றாள். கூடவில்லை. செல்லின் வோல்ட் அதே 4.5-தான். குமிழி ஒன்றரை மடங்கு வந்தது, மின்சாரமும் ஒன்றரை மடங்கு செலவானது. 1.48-ஐ 4.5-ஆல் வகுத்தால் 33 சதவீதம், முன்பும் அதுதான், இப்போதும் அதுதான். கூடியது வேகம். அந்த வேகத்தை விட்டுக்கொடுத்து வோல்ட்டைக் குறைத்தால்தான் செயல்திறன் ஏறும். நான் ஒரு செல்லைக் கழற்றி 3 வோல்ட் ஆக்கினேன். குமிழி குறைந்தது, ஆனால் ஒவ்வொரு குமிழிக்கும் ஆன மின்சாரமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. 49 சதவீதம். பெரிய ஆலையில் 1.9-லிருந்து 1.29-க்கு இறங்குவதும் இதே கணக்குதான்.

கிலோவுக்கு 10 யூனிட் மிச்சம் அவ்வளவு பெரிய விஷயமா?

2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் இலக்கு 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன். கிலோவுக்கு 50 யூனிட் என்றால் 25,000 கோடி யூனிட் வேண்டும். 10 யூனிட் குறைந்தால் 5,000 கோடி யூனிட் மிச்சம். அத்தனைக்குமான காற்றாலைகளையும் சூரியத் தகடுகளையும் கட்டாமல் விடலாம்.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லோரும் இதைப் போடவில்லை?

ஆயுள்தான் காரணம். கார மின்பகுளி எலக்ட்ரோலைசர் (காரம் கலந்த தண்ணீரில் ஓடும் சாதாரண வகை) 60,000 மணி நேரத்துக்கு மேல் உழைக்கும், பழகிய தொழில்நுட்பம். பீங்கான் கலத்தில் நிக்கல் துகள்கள் மெல்ல நகர்ந்து திரளும். ஆக்சிஜன் பக்கத்துப் பூச்சு செதில் செதிலாக உரியும். நாள்பட வோல்ட் ஏறும். இன்னொரு பிரச்சினை, நினைத்த நேரத்தில் அணைத்துப் போட முடியாது. வேகமாகச் சூடாக்கிக் குளிரவைத்தால் பீங்கானும் அதை மூடியிருக்கும் கண்ணாடிப் பூச்சும் விரிசல் விடும். காற்றடிக்கும்போது மட்டும் மின்சாரம் வரும் இடத்தில், காற்றில்லாத நேரத்திலும் கலத்தைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும்.

குளிர்ந்த தொழில்நுட்பமும் சும்மா இருக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் ஹைசாட்டா நிறுவனம் நுண்துளைகள் வழியாகத் தண்ணீரை மின்முனைக்கு ஏற்றும் ஒரு கலத்தை 2022-ல் வெளியிட்டது. கலத்தின் எண் கிலோவுக்கு 40.4 யூனிட். இது ஆய்வக எண்தான், ஆனால் வெப்பம் எதுவும் கேட்கவில்லை.

அந்த ஹைட்ரஜனைத் திரும்ப மின்சாரமாக்கினால் எவ்வளவு வரும்? பிறகு எங்கேதான் இதைப் பயன்படுத்துவது?

எரிகலத்தில் (ஹைட்ரஜனை ஆக்சிஜனோடு சேர்த்து மின்சாரம் எடுக்கும் கருவி) போட்டால் 1 கிலோவிலிருந்து 17 முதல் 20 யூனிட் மின்சாரம் கிடைக்கும். 50 யூனிட் போட்டு 20 எடுப்பது. வாரக்கணக்கில் சேமிக்க வேறு வழி இல்லாத இடத்தில் மட்டும் இதை ஏற்றுக்கொள்ளலாம். தினசரிச் சேமிப்புக்கு மின்கலத்தொகுதியே (பேட்டரி) மேல்.

ஹைட்ரஜனை ஹைட்ரஜனாகவே கேட்கும் இடங்கள் இருக்கின்றன: எஃகு, எண்ணெய் சுத்திகரிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக அம்மோனியா. உரத்துக்கான அம்மோனியா தயாரிக்கும்போது மூன்று மூலக்கூறு ஹைட்ரஜன் ஒரு மூலக்கூறு நைட்ரஜனோடு சேர்கிறது, ஒவ்வொரு முறையும் 92 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது, அதுவும் 400 டிகிரிக்கு மேல். அந்த மூன்று ஹைட்ரஜனுக்கு வேண்டிய மூன்று பங்குத் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து நீராவியாக்க 138 கிலோஜூல் வேண்டும். வகுத்துப் பாருங்கள், மூன்றில் இரண்டு பங்கு. ஹைட்ரஜனைப் பயன்படுத்தும் வினையே, அடுத்த ஹைட்ரஜனுக்கான தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கைக் கோட்பாட்டளவில் காய்ச்சிக் கொடுத்துவிடுகிறது. டென்மார்க்கின் டாப்சோ போன்ற, அம்மோனியா ஆலைகளிலேயே வளர்ந்த ஒரு நிறுவனம் ஹெர்னிங் நகரில் பீங்கான் கலத் தொழிற்சாலை கட்டியதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.